தீப்பெட்டி அளவு நீலம்

ஜெயக்கொடியிடம் "உன்னால் முடியாது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. "முடியும், செய்" என்று மற்றவர்கள் தட்டிக்கொடுத்தும் அவள் பாதியில் விட்ட காரியங்கள் உண்டு. தையல் வகுப்பு, ஸ்கூட்டி, இந்தி எல்லாம் அப்படிப் போனவைதான். முடியாது என்று சொல்லப்பட்ட எதையும் அவள் விட்டதில்லை. மதுக்கரை சிமெண்ட் ஆலையில் வேலையிலிருந்த அப்பா, பெண் பிள்ளைக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு என்று வாய்தவறி ஒருமுறை கேட்டுவிட்டார். அவ்வளவுதான், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுத்தான் நின்றாள். நாற்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி. சேரலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, தேவாலயச் சபையில் ஒரு அம்மா, "பேரன் பேத்தி எடுக்கற வயசுல என்ன படிப்புங்க?" என்று கேட்டாள். அந்த அம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மறுநாளே விண்ணப்பம் போய்விட்டது.

சேர்ந்தது கோயமுத்தூர் பாலக்காடு ரோட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அவளுடைய கைடு நஞ்சுண்டன், அவளைவிட ஐந்தாறு வயது சின்னவர். அவர் அவளை "மேடம்" என்பார், அவள் அவரை "சார்" என்பாள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. படிப்பில் கெட்டிக்காரர், மாணவர்களுக்குக் காய்ச்சல் என்றால் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர். ஒரே ஒரு வியாதி உண்டு. யாரைப் பார்த்தாலும் வாக்குக் கொடுத்துவிடுவார். கொடுத்த பிறகுதான் அது கையில் இருக்கிறதா என்று தேடுவார்.

அந்த ஆய்வகத்தில் அவள் செய்துகொண்டிருந்த பொருளின் முழுப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். விஷயம் இதுதான். ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு திரவங்கள், எண்ணெயும் தண்ணீரும்போல ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில், பாலில் ஆடை படிவதுபோல மெல்லிசாக ஓர் ஆடை படியும். படலம், ஃபிலிம் என்பதெல்லாம் இதைத்தான். மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் மேசையில் முட்டக் கூடாது, கதவை அறையக் கூடாது, உரக்கத் தும்மினால்கூட ஜெயக்கொடி முறைப்பாள். பிறகு திரவத்தை மெல்ல மெல்ல வடித்தால், ஆடை கீழே இறங்கி, அடியில் வைத்திருக்கும் கண்ணாடித் துண்டின்மேல் வந்து படுத்துக்கொள்ளும். நிறம் மஞ்சள். பார்க்க வழவழப்பாக இருந்தாலும் உள்ளே முழுக்க ஓட்டை. தேன்கூட்டைப்போல ஒரே சீரான ஓட்டைகள், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. அந்த ஓட்டைகளில்தான் எல்லா வித்தையும். உப்புக் கரைசலில் நிறுத்தி இத்துனூண்டு மின்சாரம் கொடுத்தால், கரைசலில் இருக்கும் அயனிகள் ஓட்டைகள் வழியே சரசரவென்று உள்ளே போகும். மஞ்சள் நீலமாகிவிடும். மின்சாரத்தைத் திருப்பிப் போட்டால் அவை வெளியே வரும், நீலம் மறுபடி மஞ்சளாகும். ஓட்டை அடைத்துக்கொண்டால் போச்சு. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் எல்லா பஸ்ஸும் ஒரே வாசலில் புகுந்த கதையாக, நிறம் பாதியிலேயே நின்றுவிடும்.

முதல் தடவை அது நீலமானபோது ஜெயக்கொடி கத்தியே விட்டாள். பக்கத்து அறையிலிருந்து ஏதோ வெடித்துவிட்டதென்று ஓடி வந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷன் ஏசுவடியானிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பம்பு வார்ப்படப் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும் ஏசுவடியான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்புள்ள, மஞ்சள் நீலமாச்சு, நீலம் மஞ்சளாச்சு. அப்பறம்?" என்றான். அந்த 'அப்பறம்' என்ற ஒரு சொல்லுக்காக அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அந்த 'அப்பறம்' பல்லடத்திலிருந்து வந்தது. தம்பிதுரை என்பவர் கோழிப்பண்ணைகளுக்கு ஷெட் கட்டித் தருகிறவர், பரம்பரையாக நிலம் உள்ள குடும்பம். ஏதோ கல்யாணத்தில் நஞ்சுண்டனைப் பார்த்தபோது, வெளிச்சம் அதிகமானால் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் குதறுகின்றன என்று குறைபட்டிருக்கிறார். நஞ்சுண்டனுக்கு வியாதி கிளம்பிவிட்டது. "சுவிட்சைப் போட்டா ஜன்னல் கண்ணாடியே நெறம் மாறி வெளிச்சத்தக் கொறைக்குமுங்க. எங்க லேப்லயே செஞ்சு வெச்சிருக்கறோம், வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார். தம்பிதுரை வந்து பார்த்துப் பிடித்துப்போனால் ஆராய்ச்சிக்குப் பணம் போடுவதாகப் பேச்சு. சனிக்கிழமை வருகிறார் என்று அறிவிப்பும் வந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஜெயக்கொடியின் படலங்கள் காலை வாரின. கோடை தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். ஆடை நன்றாகத்தான் படிந்தது. கழுவிக் காயவைத்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, தேமல் விழுந்த முகம்போல. மின்சாரம் கொடுத்தால் ஓர் ஓரம் நீலமாகும், மற்றதெல்லாம் 'நான் வரமாட்டேன்' என்று மஞ்சளாகவே நிற்கும். மருந்தை மாற்றிப் பார்த்தாள், கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள், தொட்டியையே மாற்றினாள். திட்டு மட்டும் மாறவில்லை.

"உங்க கை சரியா வரலைங்க மேடம்" என்றார் நஞ்சுண்டன். "சின்ன வயசுப் புள்ளைங்களுக்குக் கை நடுக்கமில்லாம வரும். உங்களத் தப்பாச் சொல்லலைங்க."

தப்பாகச் சொல்லவில்லையாம்! ஜெயக்கொடிக்குக் காது மடல் சுட்டது. அந்த வாரம் திங்கட்கிழமை அவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே பெங்களூரில் வாங்கிய ஒரு கண்ணாடி. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி தயாரிப்பு. ஒரு தாம்பாள அளவு, பளபளவென்று சட்டம், பின்னால் அழகாக ஒயர். பொத்தானை அமுக்கியதும் ஒரே சீராகக் கருநீலமானது. ஒரு திட்டு கிடையாது.

"சனிக்கிழமை இதக் காட்டிருவோம்" என்றார். "நீங்கதான் பொத்தான அமுத்தணும். நம்ம லேப்ல செஞ்சதுன்னு நீங்கதான் வெளக்கிச் சொல்லணும். வயசானவங்க சொன்னா ஒரு மரியாதை இருக்கும்."

"இது நாம செஞ்சதில்லைங்களே சார்."

"பொய்யின்னு ஏனுங்க நெனைக்கறீங்க? மாடல்னு நெனச்சுக்குங்க. நம்முளது சரியானதுக்கப்புறம் மாத்தி வெச்சுக்கலாம்."

கொங்கு நாட்டில் இது ஒரு சங்கடம். இங்கே யாரும் எடுத்தெறிந்து பேசுவதில்லை. பொய் சொல்லச் சொல்வதாக இருந்தாலும் 'ங்க' போட்டு, குனிந்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்கள். எதிர்த்துப் பேச வருகிறவனுக்கு எங்கே பிடிப்பது என்றே தெரியாது. ஜெயக்கொடியும் அன்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் மட்டும் பாத்திரங்கள் சத்தம் போட்டன.

"ஒரு நாளு பொத்தான அமுத்திப்போட்டு வந்துரு புள்ள" என்றான் ஏசுவடியான். "இதுக்கா இந்தக் குதி குதிக்கற? பட்டறைல ஆடிட் பண்ண ஆளு வந்தா நாங்க பண்ணாததா?"

"நீங்க அடுத்தவன் செஞ்ச பம்ப எடுத்து வெச்சு, நான் ஊத்துன பம்புன்னு சொல்லுவீங்களா?"

ஏசுவடியான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் ஊற்றிய வார்ப்படத்தை இன்னொருத்தன் தன்னுடையது என்று சொன்னதற்காகப் பழைய பட்டறையில் கைகலப்பாகி வேலையை விட்டு வந்தவன் அவன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விடை கிடைத்தது, அதுவும் டீ போடப் போன இடத்தில். ஆய்வகத்தில் கூடப் படிக்கும் மோகனப்பிரியா மின்சாரக் கெட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, இதென்ன உள்ளுக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குது?" என்று கேட்டாள். ஜெயக்கொடி எட்டிப் பார்த்தாள். அடியில் வெள்ளையாகப் பொருக்கு. படலம் கழுவுகிற அதே குழாய்த் தண்ணீர்தான் கெட்டிலுக்கும்.

நடந்தது என்னவென்றால், பொங்கல் கழிந்த கையோடு ஆய்வகத்தில் வாலைநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், வடிக்கும் இயந்திரத்தின் சூடேற்றும் காயில் எரிந்துபோனது. புதுக் காயில் இன்றுவரை வரவில்லை. படலத்தைக் கடைசியாகக் கழுவ எந்தத் தண்ணீர் என்று கேள்வி வந்தபோது, "சிறுவாணித் தண்ணிய விடச் சுத்தமா ஒரு தண்ணி இருக்குதுங்களா? குழாய்ல புடிச்சு ஊத்துங்க" என்று சொன்னவள் சாட்சாத் ஜெயக்கொடிதான். வேறு எந்த ஊரிலாவது ஒரு கெமிஸ்ட்ரிக்காரி இப்படிச் சொல்லியிருந்தால் கை கொட்டிச் சிரித்திருப்பார்கள். சிறுவாணி அணைத் தண்ணீர் குடிக்கும் கோயமுத்தூரில் ஒருவரும் சிரிக்கவில்லை. மோகனப்பிரியா தலையாட்டினாள், நஞ்சுண்டனும் தலையாட்டினார். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகும்போதுகூடக் கேனில் சிறுவாணி எடுத்துப்போகிற ஊர் இது. சாமியைச் சந்தேகப்பட்டாலும் சிறுவாணியைச் சந்தேகப்பட மாட்டார்கள். கோடையில் குழாய்த் தண்ணீர் குறைந்ததும் கல்லூரித் தொட்டியில் போர்வெல் தண்ணீரையும் கலந்துவிட்டிருந்தார்கள். அதிலிருந்த சுண்ணாம்புதான் படலத்தின்மேல் காய்ந்து ஓட்டைகளையெல்லாம் அடைத்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடினநீர்ப் பாடத்தை வருஷா வருஷம் நடத்தியவள் அவள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேராக நஞ்சுண்டன் அறைக்குப் போனாள். "தப்பு என்னுதுங்க சார். கையில்ல, தண்ணி" என்று ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டார். கொஞ்சம் சிரித்தார்கூட. "சரி விடுங்க மேடம். இனிமே பாத்துக்கலாம். சனிக்கிழமைக்கு வாங்குனதே இருக்கட்டும்."

"இன்னைக்குத் தொட்டி போட்டா வெள்ளிக்கிழமை ஃபிலிம் எடுத்தரலாமுங்க சார்."

"எவ்வளவு பெருசு வரும்? தீப்பெட்டி அளவு. அவரு ஷெட்டுக்கு ஜன்னல் கேக்கறாருங்க மேடம்."

ஜெயக்கொடி அன்றைக்கே தொட்டி போட்டாள். உக்கடத்தில் பேட்டரிக் கடை ஒன்றில் போய் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வந்தாள். அந்தத் தண்ணீரையும் நம்பவில்லை, ஒரு கண்ணாடித் துண்டில் சொட்டு விட்டுக் காயவைத்து, கறை விழவில்லை என்று பார்த்த பிறகுதான் தொட்டாள். வெள்ளிக்கிழமை படலத்தை எடுத்துக் கழுவினாள். ஒரு மூலையில் மட்டும் சின்னதாக ஒரு கிழிசல், மற்றபடி மாசு மருவில்லாத மஞ்சள். மின்சாரம் கொடுத்தாள். ஒரே மூச்சில் நீலமானது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. அழுதாள். யாருக்கு என்ன, அது அவள் அழுகை.

சனிக்கிழமை தம்பிதுரை வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நஞ்சுண்டன் வாய் நிறைய வரவேற்று, பளபளக் கண்ணாடியை மேசையில் நிறுத்தி, "மேடம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

உள்ளதைச் சொன்னால் என்னாகும் என்பது ஜெயக்கொடிக்கு நன்றாகத் தெரியும். பிஎச்.டி. பதிவு போய்விடும், சேர்ந்து மூன்று வருஷமாகச் செய்ததெல்லாம் போய்விடும். விட்டு வந்த பள்ளிக்கூடத்தில் அவளுடைய இடத்துக்கு எப்போதோ ஆள் போட்டாயிற்று. சபையில் அந்த அம்மா என்ன சொல்வாள் என்பதுகூட மனதில் ஓடியது. பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தன் மேசையில் நீலமாகிக் காட்டிய அந்தச் சின்னத் துண்டை இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இது வாங்குனதுங்க" என்றாள். "நாங்க செஞ்சது இல்லைங்க. நாங்க செஞ்சது இது."

மேசையின் ஓரத்திலிருந்த கரைசல் குப்பியை முன்னால் நகர்த்தினாள். உள்ளே தீப்பெட்டி அளவுக் கண்ணாடி, இரண்டு கிளிப், இரண்டு ஒயர். பார்க்க ஏழைப்பட்டதாகத்தான் இருந்தது.

தம்பிதுரை மெல்லத் திரும்பி நஞ்சுண்டனைப் பார்த்தார்.

"ஏனுங் சார், என்னையுங் கோழின்னு நெனச்சுட்டீங்களா? கடைல வாங்கற கண்ணாடிய நானே வாங்கிக்குவனே. நடுவுல நீங்க எதுக்குங்க?"

"இல்லைங்க, மேடம் அதத் தப்பா..."

"அவங்க தப்பாச் சொல்லலைங்க. இப்படிக் குடுங்க அம்மணி, அந்தச் சுவிட்ச."

அப்போதுதான் உட்கார்ந்தார். பம்பு வாங்கப் போனால் ஓடவிட்டு, கை வைத்துச் சூடு பார்த்து, ஒரு டீ குடித்து முடித்த பிறகும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கத்து ஆட்கள் பேச்சையே தொடங்குவார்கள். தம்பிதுரை சுவிட்சை மடியில் வைத்துக்கொண்டார். போட்டார், நீலம். திருப்பினார், மஞ்சள். நீலம், மஞ்சள். மோகனப்பிரியா டீ கொண்டுவந்தாள். குடித்துக்கொண்டே போட்டார். போனில் யாரிடமோ தவிட்டு விலை பேசிக்கொண்டே போட்டார். ஜெயக்கொடி கண்ணெடுக்காமல் படலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் அது தாங்கியது. பிறகு கிழிசல் இருந்த மூலையிலிருந்து நிறம் வெளிறத் தொடங்கியது.

"போகுதுங்களே" என்றார் தம்பிதுரை.

"ஆமாங்க. இப்போதைக்கு இவ்வளவுதான் தாங்கும்."

"ஷெட்டுல அஞ்சாறு வருசம் நிக்கோணுமுங்க. இது கோழிக்கு ஆகாதுங்க அம்மணி."

"இன்னைக்கு ஆகாதுங்க. எதனால ஆகலைன்னு எனக்குத் தெரியும். அத நான் சரி பண்ணுவேன்."

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான். பாராட்டவுமில்லை, பணம் தருகிறேன் என்று சொல்லவுமில்லை. கார் போகிற சத்தம் கேட்டது.

நஞ்சுண்டன் கதவைச் சாத்தினார். "எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்க. எம் மூஞ்சியில கரியப் பூசிட்டீங்க. திங்கக்கிழமை எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கோணும். பதட்டத்துல ஒளறிட்டேன்னு சொல்லோணும். இல்லைன்னா இந்த லேப்புக்குள்ள கால் வெக்க வேண்டாம்."

"தண்ணி விசயத்துல தப்புச் செஞ்சேன், அத அன்னைக்கே சொல்லிப்போட்டேனுங்க சார். இதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேனுங்க."

"அப்ப வராதீங்க!"

"ரெண்டாவது தொட்டி போட்டிருக்கறேனுங்க சார். திங்கக்கிழமை ஃபிலிம் எடுக்கோணும். வருவேன்."

பஸ் ஏறி வீட்டுக்குப் போய், ஆய்வகத்தில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். எப்போது திட்டுவான் என்று ஏசுவடியானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"திங்கக்கிழமை நானும் வரட்டுமா புள்ள?"

"எதுக்கு, சண்டைக்கா?"

"சண்டைக்கு நீ போதும். நான் டிபன் கேரியரத் தூக்கிட்டு வாரேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஏசுவடியானுக்கு, அவள் ஆண்டவரிடம் ஏதும் கேட்கிற மாதிரித் தெரியவில்லை, ஏதோ எச்சரிக்கிற மாதிரித்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை அவள் போய்ச் சேர்ந்தபோது, ஆய்வகத்துக்கு வெளியே நடையில் அவளுடைய நாற்காலி கிடந்தது. அதன்மேல் அவளுடைய வெள்ளைக் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்புக்கூடக் கலையாமல், மரியாதையாக. வாசலில் நஞ்சுண்டன் நின்றார், அவருக்குப் பின்னால் மோகனப்பிரியா கண்கலங்க நின்றாள். போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் நடையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜெயக்கொடி அந்த நாற்காலியைப் பார்த்தாள். மூன்று வருஷம் உட்கார்ந்த நாற்காலி.

"மன்னிப்புக் கேக்கறதா இருந்தா உள்ள வாங்க மேடம்" என்றார் நஞ்சுண்டன். "இல்லைன்னா உங்களால இனி இங்க இருக்க முடியாதுங்க."

பாவம், வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார்.

ஜெயக்கொடி கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். பிறகு குனிந்து, நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றாள். "கால்ல பட்டுரப் போகுது."